டிராவல் டிரெய்லர் டயர்கள்: நெடும்பயணத்துக்கு முன்னும் வழியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் பின்னால் டிராவல் டிரெய்லரை மாட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று குடும்பத்தோடு கிளம்பும் தமிழர்களை இப்போது கேம்ப்கிரவுண்டுகளில் பார்க்க முடிகிறது. வாங்கும்போது கட்டில் எத்தனை, குளியலறை எப்படி என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். டயரைப் பற்றிய கேள்விகள் முதல் கோடைப் பயணத்துக்கு அப்புறம்தான் வருகின்றன. அப்படி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. அங்குள்ள ஸ்டிக்கர்களில் இருக்கிறபடியே பவுண்டு, மைல், ஃபாரன்ஹீட், பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று எழுதியிருக்கிறேன். உதாரணக் கணக்குகள் எல்லாம் நிறைய டிரெய்லர்களில் வரும் எஸ்டி 225/75 ஆர்15 அளவு டயரை வைத்து.

கார் டயரும் டிரெய்லர் டயரும் ஒன்றுதானே? மலிவாகக் கிடைப்பதைப் போட்டால் என்ன?

ஒன்றில்லை. டயரின் பக்கச்சுவரில் அளவு எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். எஸ்டி என்று தொடங்கினால் டிரெய்லருக்கென்றே செய்தது. பி என்றால் கார் டயர், எல்டி என்றால் லைட் டிரக் டயர்.

டிரெய்லர் டயருக்கு வண்டியைத் தள்ளும் வேலையும் இல்லை, திருப்பும் வேலையும் இல்லை. சுமக்க வேண்டும், இழுத்த இழுப்புக்கு வர வேண்டும். ஆனால் இரண்டு ஆக்சில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து ஒடித்துத் திருப்பும்போது யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே குனிந்து பாருங்கள். முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் மறுபக்கமுமாக இழுபட்டு, ரிம்மிலிருந்து பிதுங்கி வெளியே வருவதுபோல் நெளியும். ரப்பர் தரையில் தேயும் சத்தம்கூடக் கேட்கும். இந்தப் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கத்தான் எஸ்டி டயரின் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்கிறார்கள்.

கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதில் எழுதியிருக்கும் சுமையை 1.1 ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. அப்படிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சுமை போதாது. எல்டி டயரைப் பெரிய டிரெய்லர்களில் சிலர் போடுகிறார்கள். சுமைக் கணக்கு சரியாக வந்தால் அதில் தப்பில்லை.

அளவோடு லோட் ரேஞ்ச் என்று ஓர் எழுத்தும் இருக்கும். நம் உதாரண டயரில் சி என்றால் 50 பிஎஸ்ஐ காற்றில் 2,150 பவுண்டு, டி என்றால் 65-இல் 2,540, இ என்றால் 80-இல் 2,830. டயரைச் சுமக்க வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். இ டயரை வாங்கி 65 மட்டும் அடித்து ஓட்டினால் அதுவும் டி டயர் அளவுக்கே தாங்கும். கூடுதலாகக் கொடுத்த காசு வீண்.

டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் பகுதி) புதுசு மாதிரியே இருக்கிறது. அப்புறம் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

கார் டயர் தேய்ந்து போகும். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே வயதாகிப் போகும். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் நின்றுவிட்டு, மீதி நாளில் முழுச் சுமையோடு ஓடுகிற டயர் அது. ரப்பர் விரியாமல் காக்கும் மெழுகுப் பொருள் ஒன்றை டயரில் கலந்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போதுதான் அது மேலே கசிந்து வந்து பூச்சாகும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பூச்சு கிடைப்பதில்லை. வெளியே பட்டன் பளிச்சென்று இருக்கும், உள்ளே கம்பி அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு விட்டுக்கொண்டிருக்கும்.

வயதைப் பார்ப்பது எளிது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

டிரெய்லர்காரர்கள் நடுவே மூன்று முதல் ஐந்து வருடம் என்றொரு கணக்கு உண்டு. ஐந்தாவது வருடம் முடிந்ததும் கேள்வி கேட்காமல் மாற்றுவது என் பழக்கம். ஆறைத் தாண்டிய டயரோடு கோடையில் அரிசோனா பக்கம் போவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பின் பம்பரில் வெயில் குடித்துக்கொண்டு தொங்கும் அதற்கும் வயது ஏறுகிறது. புது டயர் வாங்கும்போதும் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே இரண்டு வருடம் தூங்கிய டயரைப் புதுசு என்று மாட்டி அனுப்புவது நடக்கிறது.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

டிரெய்லரின் இடது முன்பக்கத்தில், வெளிச்சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவு, ஒவ்வொரு ஆக்சிலும் தாங்கும் எடை, குளிர்ந்த டயரில் இருக்க வேண்டிய காற்று எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலான டிரெய்லர்களில் அந்த அளவும் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவும் ஒன்றாகவே இருக்கும். காருக்கு உச்ச அளவு அடிக்கக் கூடாது என்று பழகிய நமக்கு இது உறுத்தும். டிரெய்லரில் உட்கார்ந்து வருபவர் யாரும் இல்லை, குலுங்காமல் போக வேண்டும் என்ற கவலை வேண்டாம். சரியான காற்று இருந்தால் டயர் குறைவாக நெளியும். குறைவாக நெளிந்தால் சூடு குறையும். டிரெய்லர் டயரைக் கொல்வது சூடுதான்.

குளிர்ந்த டயர் என்றால் சில்லென்று இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஓடி மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வெயில் நேரடியாகப் படக் கூடாது. விடிந்ததும் பார்ப்பது உத்தமம். நிறுத்தி வைத்திருந்தாலும் வெயில் படும் பக்கத்து டயர்கள் நிழல் பக்கத்தைவிடச் சில பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை அந்தப் பக்கம் குறைவாக நிற்கும்.

ஓடும்போது காற்று ஏறிக்கொண்டே போகிறதே, கொஞ்சம் இறக்கிவிடலாமா?

கூடவே கூடாது. ஓடினால் ஏறத்தான் செய்யும். 80-இல் கிளம்பிய டயர் நடுப்பகலில் 90-ஐத் தாண்டிக் காட்டுவது சாதாரணம். இந்த ஏற்றத்தையும் சேர்த்து யோசித்துத்தான் குளிர்ந்த அளவை நிர்ணயித்திருக்கிறார்கள். சூட்டில் இறக்கினால் டயர் மேலும் நெளிந்து மேலும் சூடாகும்.

பாலைவனத்திலிருந்து மலைக்குப் போகிறோம். ஒரு தடவை அடித்த காற்று போதுமா?

போதாது, ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது 35 பிஎஸ்ஐ கார் டயருக்குப் பொருந்தும். 80 பிஎஸ்ஐ டயரில் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு பிஎஸ்ஐ மாறும். உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஆயிரம் அடிக்கு அரை பிஎஸ்ஐ அளவில் கேஜ் கூடுதலாகக் காட்டும்.

கோடையில் ஃபீனிக்ஸில் 105 டிகிரியில், நிழலில் நின்ற டயரில் 80 வைத்துவிட்டு ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் போகிறீர்கள் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். மறுநாள் காலை அங்கே 50 டிகிரி. வெப்பம் குறைந்ததில் பத்துப் பிஎஸ்ஐ போகும், உயரத்தால் மூன்று திரும்பி வரும். கேஜ் 73-ஐ ஒட்டிக் காட்டும். பஞ்சரோ என்று பதற வேண்டாம். 80-க்கு நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். மறுபடி கீழே இறங்கும்போது ஏறுமே என்றால், ஏறட்டும். அன்றன்றைய காலையில் நிற்கும் இடத்தில் சரியாக இருக்க வேண்டும், அதுதான் விதி.

கேஸ் ஸ்டேஷன் மெஷினில் 80 வரை ஏறவே மாட்டேன் என்கிறதே?

அவை கார்களுக்கானவை. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் பெரிய லாரிகளுக்கான காற்றுக் குழாய் இருக்கும், அதில் ஏறும். இதைவிட, 100 பிஎஸ்ஐக்கு மேல் தரக்கூடிய 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது மேல். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன வகை போதாது, பேட்டரியில் நேராகக் கவ்வும் வகையாக இருக்கட்டும். கேஜும் 100-க்கு மேல் காட்டுவதாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் "காலையில் பாருங்கள்" என்ற அறிவுரைக்கே பொருள் இல்லை, ஏனென்றால் காற்று அடிக்கும் இடத்துக்கு ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகிவிடும்.

வால்வையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 அடிக்கும் டயரில் உயரழுத்த வால்வோ, நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வோ இருக்க வேண்டும். டி டயரைக் கழற்றி இ டயர் மாட்டும்போது கடைக்காரர் பழைய வகை ரப்பர் வால்வையே போட்டுவிடுவது உண்டு, கேட்டு வாங்குங்கள். சென்சரை வால்வின் தலையில் திருகப் போகிறீர்கள் என்றால் உலோகம்தான் சரி. ரப்பர் வால்வு அந்தக் கனத்தில் ஆடி ஆடி அடியில் விரிசல் விடும். வால்வை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் கோடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எடை அதிகமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பெனி ஏட்டில் எடை போட்டிருக்கிறதே?

ஏட்டில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. நாம் ஏற்றுவது அதில் இல்லை. தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கேலன் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு. அதற்கு மேல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், சைக்கிள்கள், நாற்காலிகள், அரிசி மூட்டை, பிரஷர் குக்கர். மூன்று நாள் பயணத்துக்கு வெட் கிரைண்டர் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. மாவை அரைத்து எடுத்து வரலாமே!

நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. லாரிகளுக்கானதுதான், ஆனால் நாமும் ஏறலாம். மூன்று தட்டுகள் உண்டு. டிரக்கின் முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி ஏறி நிறுத்தினால், ஒவ்வொன்றின் எடையும் அச்சடித்துத் தருவார்கள். ஊருக்குப் புறப்படும்போது எப்படி ஏற்றுவீர்களோ அதேபோல் தண்ணீரோடு, சாமானோடு, ஆட்களோடு எடை போட வேண்டும்.

மூன்றாவது தட்டில் 7,600 பவுண்டு வந்தது என்று வையுங்கள். நான்கு டயருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 1,900. டி டயர் 2,540 தாங்கும், ஆகவே தாராளம் என்று தோன்றும். ஆனால் சுமை நான்கிலும் சமமாக இருப்பதில்லை. சமையலறை, ஃபிரிட்ஜ், ஸ்லைட்-அவுட் (வெளியே நீளும் அறைப்பகுதி) எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பவுண்டு கூடும். அதனால் டயரின் தாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த லோட் ரேஞ்சுக்குப் போகலாம், ஆனால் ரிம்மும் அந்தக் காற்றைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் முத்திரையாக அச்சிட்டிருப்பார்கள். ஒன்று, டயரை மாற்றினால் டயர் பிழைக்கும், ஆக்சிலின் எல்லை மாறாது. ஸ்டிக்கரில் உள்ள ஆக்சில் எடையைத் தாண்டினால் சாமானைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

கிளம்பும் நாள் காலையில் என்னென்ன பார்ப்பது?

காற்று பார்த்தாயிற்று என்றால், அடுத்து கண்ணும் கையும். முந்தின நாள் சாயங்காலமே பார்ப்பது நல்லது, ஏதாவது தெரிந்தால் கடை திறந்திருக்கும்.

பக்கச்சுவரை வெளியேயும் உள்ளேயும் பாருங்கள். தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் வயதின் அடையாளம், கண்காணிக்க வேண்டும். நகம் நுழையும் அளவு விரிசல், உள்ளே நூல் தெரியும் வெட்டு, எங்காவது கொப்புளம்போல் புடைப்பு இருந்தால் அந்த டயர் ஓடக் கூடாது. பிறகு உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, பட்டன்மீது மெல்லத் தடவிக்கொண்டே சுற்றி வாருங்கள். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளலாம். நல்ல டயர் முழுக்க ஒரே சமமாக இருக்கும். உள்ளே அடுக்கு பிரியத் தொடங்கிய டயரில் ஓரிடத்தில் மட்டும் லேசான மேடு தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். காற்று சரியாக இருக்கும், பட்டன் நன்றாக இருக்கும், ஆனாலும் அடுத்து வெடிக்கப் போவது அந்த டயர்தான். டிரெய்லர் அசையாமல் நிற்கும்போது டயரின் மேல் பாதிதான் கைக்கு எட்டும். அரைச் சுற்று முன்னால் நகர்த்தச் சொல்லி மீதியையும் தடவுங்கள். இந்த ஒரு சோதனைக்கு நான்கு டயருக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும்.

பட்டன் ஆழத்துக்கு ஒரு சென்ட் நாணயம் போதும். லிங்கனின் தலையை உள்நோக்கிச் செருகினால் தலை கொஞ்சமாவது மறைய வேண்டும். முழுத் தலையும் தெரிந்தால் ஆழம் ஓர் அங்குலத்தின் 2/32-க்கும் கீழே, அதாவது மொட்டை டயர்.

தேய்மானம் கோணலாக இருக்கிறது. என்ன காரணம்?

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அலைன்மென்ட் போயிருக்கலாம். அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தால் பேலன்ஸ் இல்லை, அல்லது வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அப்படியே தேயும்.

வழியில் நிறுத்தும்போதெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டுமா?

ஆம். டிரெய்லர் டயரில் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. கார் டயர் காற்று இறங்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும். முப்பதடி பின்னால், இரண்டு ஆக்சில் வண்டியில் ஒரு டயர் இறங்கினால் பக்கத்து டயர் தாங்கிக்கொண்டு ஓடும். பக்கத்தில் வரும் காரில் யாராவது ஹார்ன் அடித்துக் கையைக் காட்டும்போதுதான் பலருக்குச் சேதி தெரிகிறது.

பெட்ரோல் போட நின்றாலும் காபிக்கு நின்றாலும் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. நான்கு டயரின் பட்டனிலும், நான்கு ஹப்பின் (சக்கரத்தின் மையப்பகுதி) நடுவிலும் நீட்டிப் பார்த்தால் போதும். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெயில் பக்கம் கொஞ்சம் கூடும், அது சரி. ஒரு டயர் மட்டும் தனியாகச் சூடேறியிருந்தால் அதில் காற்று குறைவு. ஒரு ஹப் மட்டும் கொதித்தால் பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ காரணம். பேரிங்குக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முந்தியோ அப்போது கிரீஸ் மாற்றச் சொல்கிறது ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டர் கம்பெனியின் கையேடு. அதைத் தள்ளிப் போட்டவர்களுக்கு இந்தத் தெர்மாமீட்டர் முதலில் சொல்லிவிடும்.

டிபிஎம்எஸ் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்குங்கள். அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து கார்களில் காற்றழுத்தம் காட்டும் இந்தக் கருவி கட்டாயம், டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தனியாக வாங்கி வால்வில் திருகிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த அளவிலிருந்து பத்து, பதினைந்து சதவீதம் குறைந்தால் கத்தவும், இருபது, இருபத்தைந்து சதவீதம் ஏறினால் கத்தவும் அமைத்துக்கொள்ளுங்கள். நீளமான டிரெய்லராக இருந்தால் சிக்னலை வாங்கித் தரும் ரிப்பீட்டர் தேவைப்படலாம். ஆணி குத்தி மெல்ல இறங்கும் டயரை இது காப்பாற்றும். அடுக்கு பிரியும் டயரைக் காப்பாற்றாது, ஏனென்றால் வெடிக்கும் நொடிவரை அதில் காற்று சரியாகவே இருக்கும். டிபிஎம்எஸ் இருக்கிறதே என்று கையால் தடவிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு வேகம் போகலாம்?

டயரில் வேக எழுத்து எதுவும் இல்லாத பழைய எஸ்டி டயர் என்றால் மணிக்கு 65 மைல்தான் எல்லை. இப்போது வருபவற்றில் எல் என்றால் 75, எம் என்றால் 81, என் என்றால் 87. அது உச்சம், போக வேண்டிய வேகம் இல்லை. டெக்சாஸில் எஸ்ஹெச் 130 சாலையில் 85 மைல் வரை அனுமதி உண்டு என்பதற்காக டிரெய்லரோடு அதைத் தொட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவிலோ டிரெய்லர் இழுக்கும் வண்டி 55-ஐத் தாண்டவே கூடாது, சட்டமே அப்படி. 60, 62-இல் ஓட்டினால் டயரும் குளிர்ச்சியாக இருக்கும், பெட்ரோலும் மிஞ்சும். பின்னால் வருகிறவர் முறைப்பார், முறைக்கட்டும்.

வீல் நட்டு தளர்ந்துவிடுமா?

புதுச் சக்கரம் மாட்டிய உடனே அந்தச் சிக்கல் வரும். அரை அங்குல போல்ட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும். எதிரெதிர் நட்டாக, நட்சத்திர வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக. பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது டெக்ஸ்டர். டயர் கடையில் இம்பாக்ட் துப்பாக்கியால் இறுக்கி அனுப்பினாலும் நீங்கள் ஒரு தடவை பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் வெடித்துவிட்டால்?

பிரேக்கில் காலை வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக்கில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை லேசாக அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். வண்டியை டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டலாம். வளைவிலோ பாலத்திலோ இடமில்லாத சாலையோரத்திலோ நிற்பதைவிட, ரிம் போனாலும் பரவாயில்லை என்று ஊர்ந்துகொண்டே அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

நின்றதும் எல்லோரையும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் அனுப்புங்கள். எச்சரிக்கை முக்கோணங்களைப் பின்னால் தள்ளி வையுங்கள். சாலைப் பக்கத்து டயர் என்றால், சாலையோரம் குறுகலாக இருக்கும் இடத்தில் நீங்களாக மாற்ற முயல வேண்டாம்.

அப்புறம் சேதம் பாருங்கள். பிய்ந்த டயர் நாடா சவுக்கு மாதிரி சுழன்று அடிக்கும். சக்கர மேல்மூடி கிழியும், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவது அடியில்: ஆக்சில் வழியாகப் போகும் பிரேக் ஒயர், கழிவுநீர்க் குழாய், சில வண்டிகளில் கேஸ் குழாய். கேஸ் வாடை வந்தால் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஒயர் அறுந்திருந்தால் ஸ்டெப்னி மாட்டிய பிறகும் அந்தச் சக்கரத்தில் பிரேக் இருக்காது.

ஒரு டயர் வெடித்தால் அதே பக்கத்து இன்னொரு டயரையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். முதல் டயர் காற்றிழந்த நொடியிலிருந்து நீங்கள் நிறுத்தியதுவரை அந்தப் பக்கச் சுமை முழுக்க இரண்டாவது டயரில்தான். 1,900 சுமந்தது 3,800 சுமந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அதே பயணத்தில் அடுத்த நாள் அதுவும் போனது என்ற கதைகளுக்கு இதுதான் காரணம், ராசி கெட்டது என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஜாக்கியை எங்கே வைப்பது?

டிரெய்லரின் நான்கு மூலையில் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகளில் தூக்கவே கூடாது, அவை ஆட்டத்தை நிறுத்த மட்டும். ஆக்சில் குழாயிலும் வைக்காதீர்கள், வளையும். சக்கரத்துக்கு அருகே சட்டத்தின் அடியில் வையுங்கள். மண்ணாக இருந்தால் கீழே பலகை. டிரெய்லரை டிரக்கிலிருந்து கழற்ற வேண்டாம், மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள்.

இலைவில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள இரண்டு ஆக்சில் டிரெய்லருக்கு ஜாக்கியே இல்லாத வழி ஒன்று உண்டு. நல்ல டயரைச் சரிவுக்கட்டையின் மேல் மெல்ல ஏற்றி நிறுத்தினால் பக்கத்தில் இருக்கும் கெட்ட டயர் தரையிலிருந்து எழும்பிவிடும். பட்டைகளுக்குப் பதிலாக உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சிலில் இது போதுமான அளவு தூக்காது.

கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை ஸ்டெப்னியைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் டிரக்கின் வீல் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பஞ்சர் ஒட்டி ஓட்டலாமா?

பட்டன் பகுதியில் ஆணி என்றால், டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கமாக ஒட்டினால் சரி. வெளியிலிருந்து திணிக்கும் ரப்பர் கயிறு அடுத்த ஊர் போய்ச் சேர மட்டும். பக்கச்சுவரிலோ ஓரத்திலோ ஓட்டை என்றால் ஒட்டக் கூடாது. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயரையும் ஒட்டிப் பயனில்லை.

நைட்ரஜன் அடிக்கலாமா?

அடிக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ரோட்சைட் உதவி இருக்கிறதே, அது போதாதா?

எதை எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிரிபிள் ஏ அமைப்பின் சாதாரண உறுப்பினர் திட்டம் காருக்குத்தான், டிரெய்லருக்கு ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டிகள்) சேர்த்த திட்டம் வேண்டும். குட் சாம், கோச்-நெட் போன்றவை டிரெய்லர்களுக்கென்றே இருப்பவை. யார் வந்தாலும் உங்கள் ஸ்டெப்னியை மாட்டித்தான் கொடுப்பார்கள். ஸ்டெப்னியில் காற்றில்லை என்றால் டெக்சாஸின் வாலண்டைன், மார்ஃபா மாதிரி ஊர் தள்ளிய இடத்தில் காத்திருக்க நேரிடும். ஞாயிற்றுக்கிழமையில் அந்த அளவு டிரெய்லர் டயர் கையிருப்பில் உள்ள கடை கிடைப்பதும் கடினம்.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும்போது?

டயரைக் கழுவி, உச்ச அளவு காற்று அடித்து, கீழே பலகை கொடுத்து, வெயில் படாமல் உறை போடுங்கள். பளபளப்புக்கான திரவங்கள் வேண்டாம், சிலவற்றில் இருக்கும் பெட்ரோலியப் பொருள் ரப்பரைக் கெடுக்கும். முடிந்தால் மாதம் ஒரு தடவை கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். புது டயர் வாங்கியிருந்தால் டிஓடி எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்யும் வேலையையும் இந்தச் சமயத்தில் முடித்துவிடலாம். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களுக்குக் கடிதம் வரும்.

எங்களுடையது வாடகை டிரெய்லர். நாங்கள் என்ன செய்ய முடியும்?

சாவி வாங்குவதற்கு முன்னால், உரிமையாளர் பக்கத்தில் இருக்கும்போதே ஐந்து டயரின் டிஓடி எண்ணையும் படம் எடுங்கள். ஆறு வருடத்துக்கு மேல் ஆனது ஒன்று இருந்தாலும் வேறு டிரெய்லர் கேளுங்கள், அல்லது டயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். பக்கச்சுவரையும் படம் எடுத்துவைத்தால் திருப்பித் தரும்போது வாக்குவாதம் இருக்காது. ஸ்பேனர், ஜாக்கி, கட்டைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். வழியில் டயர் போனால் செலவு யாருடையது, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவர் கேஜிலேயே காற்றும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.